பாப்பரசரின் யாப்பும் எங்கள் ஐந்தாம் திருவிழாவும்

1

இவர் செத்து ஒரு வருசம் முடிந்த பிறகுதான், எங்கள் பிள்ளையார் கோயிலில் நான் ஆருமில்லை என்பது எனக்குத் தெரிய வந்தது. வெள்ளிக்கு வெள்ளி அந்தக் கோயில் குசினியில் அடுப்படியில் நின்று அவிந்தவளுக்கு அது முன்னமே எப்படித் தெரியும், சொல்லுங்கள்?

ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது ஜெர்மனியில், எசன் நகரில். கோயில் பக்கத்துச் சிறு நகரத்தில், தொழிற்பேட்டைக்குள் இருக்கிறது. முந்தி தரைக்குப் பதிக்கிற ஓடு விற்ற களஞ்சியம் அது. பக்கத்தில் கார் ரயர் மாற்றுகிற கடை. கோபுரம் எங்கே என்று தேடினால் கிடைக்காது. தகரக் கதவுக்கு மேலே ஒரு பிள்ளையார் படம், அவ்வளவுதான். உள்ளே போனால் கற்பூரம், நெய், மழையில் நனைந்த சப்பாத்து எல்லாம் கலந்து ஒரு வாசம் வரும். எனக்கு அந்த வாசம் பிடிக்கும்.

ஊரில் போலவே இங்கும் கொடியேறினால் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயம். ஐந்தாம் திருவிழா எங்களுடையது. இவர், என் மனுசன் சிவநேசன், கோயில் தொடங்கின காலத்திலிருந்து செய்து வந்தவர். போன வருசம் செத்தவீட்டுத் துடக்கு, தீட்டு. செய்ய ஏலாது. தலைவர் பரமண்ணையின் மகன் நிரோசன், "இந்த ஒரு வருசத்துக்கு நான் பாக்கிறன் அன்ரி" என்று சொல்லி எடுத்துச் செய்தான். நல்ல பிள்ளை என்று நானும் வாழ்த்தினேன்.

ஆட்டைத் திவசம், அதுதான் முதல் வருசத் திவசம், முடிந்த கையோடு கோயிலுக்குப் போனேன். பரமண்ணை அலுவலக அறையில் இருந்தார்.

"அண்ணை, இந்த முறை ஐந்தாம் திருவிழாவை நாங்கள் செய்வம். ஆட்டை முடிஞ்சுது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பரமண்ணை கண்ணாடி துடைத்தால் ஏதோ வில்லங்கம் வருகிறது என்று அர்த்தம்.

"இரு தங்கச்சி. உபயம் எண்டால் உறுப்பினருக்குத்தானே. நேசன் போனதோடை உங்கடை அட்டையும் முடிஞ்சுது. ஐந்தாம் திருவிழாவை நிரோசன்ரை பேரிலை எழுதியாச்சு."

"ஏன், நான் இருக்கிறன்தானே?"

"நீ இருக்கிறாய். ஆனால் யாப்பிலை இல்லை."

விளங்காதவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே ஒரு கோயில் நடத்துவதென்றால் சங்கமாகப் பதிய வேண்டும். சங்கமென்றால் அதற்கு ஒரு யாப்பு, அதாவது சட்டதிட்டம் எழுதின தாள், வேண்டும். எங்கள் யாப்பில் குடும்பத்துக்கு ஒரு அட்டை, அட்டைக்கு ஒரு வாக்கு. அட்டையில் வீட்டு ஆம்பிளையின் பேர். தொடங்கின காலத்தில் பெண்டுகள் எங்களையும் கேட்டார்கள். "ஒரு வீட்டுக்கு ஏன் ரெண்டு சந்தா" என்று நாங்களே தலையாட்டினோம். அட்டையில் பேர் உள்ளவர் செத்துப்போனால் பெண்சாதி என்ன ஆவாள் என்று அன்றைக்கு ஒருத்தரும் யோசிக்கவில்லை. ஏனென்றால் அப்போது எல்லோரும் இளந்தாரிகள்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆனால் பரமண்ணையோடு சண்டை பிடிக்க வாய் வரவில்லை. நாங்கள் அகதி முகாமில் கிடந்தபோது முதல் முதலில் எங்களுக்கு அரிசியும் மிளகாய்த்தூளும் கொண்டுவந்து தந்த மனுசன் அவர். இந்தக் கோயிலே அவர் வீட்டு நிலவறையில், உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குப் பக்கத்தில் தொடங்கினதுதான். அப்படிப்பட்டவரைப் பார்த்து நான் என்ன சொல்ல? எழும்பி வந்து காருக்குள் இருந்து அழுதேன்.

2

யாப்பு என்ற சொல் எனக்குச் சின்ன வயதிலேயே பிடிக்காது. நான் பள்ளிக்கூடம் போகும் காலத்தில் எங்கள் வீட்டில் ஐயாவும் அவருடைய சிநேகிதர்களும் நாட்டு யாப்பை, அரசியல் சட்டத்தைப் பற்றிக் கதைத்துக் கதைத்துக் கடைசியில் கத்துவார்கள். எந்த மதத்துக்கு முதலிடம், எங்களுக்கு எத்தனையாம் இடம் என்று. ஒரு தாளில் எழுதினால் மனிசர் முன்னுக்கும் பின்னுக்கும் போய்விடுவார்களா என்று நான் நினைப்பேன். போவார்கள் என்று பிறகு கண்டோம். கண்டதால்தானே இங்கே வந்து கிடக்கிறோம்.

வந்த புதிதில் எங்களிடம் இருந்த தாளுக்கு 'டுல்டுங்' என்று பேர். நிற்கலாம், ஆனால் நிற்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை என்கிற மாதிரியான ஒரு தாள். அதை நீட்டுவதற்கு வெளிநாட்டாரைப் பதிகிற கந்தோரில், அந்த அலுவலகத்தில், 'டெர்மின்' என்று நாள் குறித்து, விடிய எழும்பிப் போய் வரிசையில் நிற்க வேண்டும். என் தாள் இவருடைய தாளோடு ஒட்டினது. அவருக்கு நீட்டினால் எனக்கும் நீளும். அவருக்கு முடிந்தால் எனக்கும் முடியும்.

அப்போது எனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழி ஒரு கைக்குள் அடங்கும். கந்தோர் அம்மா என்ன கேட்டாலும் "மைன் மன்" என்று இவரைக் காட்டுவேன். என் மனுசன் என்று அர்த்தம். ஏன் வந்தாய்? மைன் மன். எங்கே இருக்கிறாய்? மைன் மன். உன் பேர் என்ன? அதற்கும் மைன் மன். அந்த மனுசி ஒருநாள் பேனையை வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நானும் சிரித்தேன், எதற்கென்று தெரியாமல்.

பிறகு நான் மொழி படித்தேன். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை எடுத்தேன். அங்கே கிழவர்கள் என் ஜெர்மனைத் திருத்தினார்கள், நான் அவர்களுடைய சூப்புக்குக் களவாக மிளகு போட்டேன். குடியுரிமைக்கு நானே என் பேரில் 'அன்ட்ராக்', விண்ணப்பம், போட்டேன். சோதனை எழுதினேன். நகர மண்டபத்தில் என் பேரை மட்டும் கூப்பிட்டு, பத்திரத்தை என் கையில் தந்தார்கள். இவர் பின்வரிசையில் இருந்து படம் எடுத்தார். படத்தில் எல்லாரும் பாதிதான் விழுந்திருந்தோம், அவ்வளவு கை நடுக்கம் அவருக்கு.

ஆக, ஜெர்மனியில் நான் தனி ஆள். எங்கடை பிள்ளையாரிடம் மட்டும் இன்னும் மைன் மன். இதை நினைக்க நினைக்க எனக்கு நித்திரை வரவில்லை.

3

என் மகள் அபிராமி, வீட்டில் அபி, கொலோனில் சட்டம் படித்து இப்போது அங்கேயே கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். எதைப் பற்றி என்று கேட்டால் ஊரில் சிரிப்பீர்கள். வத்திக்கானின் யாப்பைப் பற்றி. பாப்பரசருடைய அந்தச் சின்ன நாடு.

"நாங்கள் சைவம். உனக்கு ஏன் பிள்ளை பாப்பரசர்?" என்று தொடக்கத்தில் கேட்டேன்.

"என்னைக் கன்னியாஸ்திரிமாரின்ரை கிண்டர்கார்டனுக்கு விட்டது ஆர்?" என்றாள். 

அவள் கோயிலுக்கு வருவதில்லை. பதினாறு வயதில் ஒரு பொதுக்கூட்டத்தில் எழும்பி ஏதோ ஒரு கேள்வி கேட்டாள். பரமண்ணை சிரித்துக்கொண்டு, "பிள்ளை, உள்ளை போய் அம்மாவுக்கு உதவி செய்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, செல்லமாகத்தான் சொன்னார். அவளுக்கு அது கோபத்திலும் மோசமாகப் பட்டது. அன்றைக்குப் போட்ட சப்பாத்து, பிறகு அந்த வாசலில் கழற்றவே இல்லை. நானும் கெஞ்சிப் பார்த்து விட்டுவிட்டேன். அவள் பிள்ளையாரை விட்டுப் போகிறாளோ, என்னை விட்டுப் போகிறாளோ என்று பல நாள் நெஞ்சு பதைத்திருக்கிறது.

ஐந்தாம் திருவிழாக் கதையைச் சொன்னவுடன் அன்றைக்கே ரயில் ஏறி வந்துவிட்டாள். மேசையில் இருந்து கிழங்குக் கறியைச் சோற்றோடு குழைத்தபடி சொன்னாள்:

"அம்மா, உங்கடை நிலைமை அப்பிடியே அங்கை மாதிரி. அங்கை காவல் செய்யிற சுவிஸ்காரர் இருக்கினம். ஒருத்தர் கலியாணம் கட்டி அங்கை குடியிருந்தால் அவரின்ரை மனுசிக்கும் குடியுரிமை கிடைக்கும். அவர் வேலையை விட்டால் அவவுக்கும் போயிடும்."

"அப்ப பாப்பரசரும் பரமண்ணையும் ஒண்டுதான்!"

"இல்லை. அங்கை அது எல்லாருக்கும் அப்பிடித்தான். பிறந்தேன் எண்டதுக்காக அங்கை ஒருத்தரும் குடிமகன் ஆகிறதில்லை. பாப்பரசருக்கு அடுத்த பெரிய குருமார், கர்தினால்மார், அவைக்கும் பிறப்புரிமை இல்லை. பதவிக்காக, வேலைக்காக அங்கை இருக்கிற மட்டும்தான். விட்டிட்டுப் போனால் முடிஞ்சுது. ஆனால் வேறை நாடு இல்லாத ஆள் எண்டால் இத்தாலி அவரைத் தன்ரை ஆளா எடுக்கவேணும். அப்பிடி ஒப்பந்தம் எழுதி வைச்சிருக்கினம், ஒருத்தரும் நடுத்தெருவிலை நிக்கக்கூடாது எண்டு."

நான் கரண்டியை அப்படியே வைத்துவிட்டேன். இவளே இந்த மண்ணில் பிறந்தவள். பிறந்தும் ஜெர்மன் பிள்ளை இல்லை, அந்தக் காலத்துச் சட்டம் அப்படி. இவளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் கந்தோர் வரிசையில் நின்றேனே! எங்களுக்காக அப்படி ஒரு வரி எழுதி வைக்க ஒரு நாடும் இருக்கவில்லை. "சிவ சிவா" என்று மட்டும் சொன்னேன். அழுகை வந்துவிட்டது.

4

அடுத்த சனிக்கிழமை பரமண்ணை வீட்டுக்கு வந்தார். அபி வந்து நிற்பது எப்படித் தெரிந்ததோ. இங்கே எங்கள் ஆட்கள் இருக்கும் ஊரில் இருமினாலும் பக்கத்து நகரம் வரைக்கும் கேட்கும்.

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நேரே விசயத்துக்கு வந்தார்.

"பிள்ளை அபி, நீ பாப்பரசரின்ரை சட்டம் படிக்கிறியாம். அந்த நாட்டிலை சட்டம் போடுறதும் அவர், ஆளுறதும் அவர், தீர்ப்புச் சொல்லுறதும் அவர் எண்டு கேள்விப்பட்டன். மெய்யோ?"

"ஓம் மாமா. மூண்டு அதிகாரமும் அவரிட்டைத்தான். அவையின்ரை யாப்பிலை முதலே அதுதான் இருக்கு."

"பாத்தியே!" அவர் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். "சமயம் எண்டால் அப்பிடித்தான் இருக்கவேணும். போன கூட்டத்திலை கதிரை தூக்கி எறியாத குறை. ரெண்டு கோஷ்டி. எனக்குப் பிறகு உவங்கள் இந்தக் கோயிலை உடைச்சுப் போடுவாங்கள். அந்த யாப்பை எங்களுக்கு எழுதித் தா. கூட்டத்திலை வைச்சு நிறைவேத்துவம். ஒரு தலைவர், அவர் சொன்னால் சொன்னதுதான்."

அவருடைய பயம் பொய்யில்லை. ஊரிலேயே கோயில் இருக்கும் இடத்தில் வழக்கும் இருக்கும். இங்கேயும் ஒரு கோயில் இரண்டாகி, இரண்டு மூன்றாகி, பிள்ளையாருக்கே எந்தக் கதவால் வெளியே வருவது என்று தெரியாமல் போன இடங்கள் உண்டு. ஆனால் ஒரு தலைவருக்குப் பிறகு அடுத்த தலைவர் ஆர் என்பதையும் நான் ஊகித்தேன். ஐந்தாம் திருவிழா நிரோசனிடம் போனது சும்மா இல்லை.

பரமண்ணை என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "தேவி, பிள்ளை எழுதித் தந்தால் உன்ரை ஐந்தாம் திருவிழாவை நான் யோசிக்கலாம்."

எனக்கு முகம் எரிந்தது. என் மனுசன் பேரில் நின்ற திருவிழாவை இப்போது எனக்கு லஞ்சமாகத் தருகிறார்! வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அபி சொன்னாள்:

"எழுதித் தாறன் மாமா. ஆனால் ஒரு கதை. பாதி எழுதித் தர ஏலாது. முழுக்கத்தான் எழுதுவன். முழுக்க வாசிக்கவும் விடவேணும்."

"முழுக்க எழுது பிள்ளை! ஒண்டும் விடாதை."

அவர் போனதும் நான் கதவைச் சாத்திவிட்டு அவளைப் பிடித்தேன். "நீ எனக்குப் பிள்ளையோ, அவருக்கு வழக்காடுற அப்புக்காத்தோ? உன்ரை அப்பா செய்த திருவிழா போகுது, நீ அந்தாளை அரசனாக்கப் போறியோ?"

"அம்மா, கொஞ்சம் பொறுங்கோ."

"பொறுத்துப் பொறுத்துத்தான் இஞ்சை வந்து நிக்கிறம்!"

 கொலோனுக்குப் போன பிறகு கூப்பிட்டாலும் "எழுதிக்கொண்டிருக்கிறன்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். கூட்டம் வரைக்கும் தாயும் மகளும் சரியாகக் கதைக்கவில்லை. முதியோர் இல்லத்தில் ஒருநாள் புடிங்குக்குச் சீனிக்குப் பதில் உப்பைப் போட்டேன். என் மனம் எங்கே இருந்தது என்று அதிலேயே விளங்கும்.

5

பொதுக்கூட்டம் ஞாயிறு காலை. எங்கள் வழக்கம் என்னவென்றால், ஆண்கள் மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரையில் கூடுவார்கள், பெண்கள் குசினியில் மத்தியானச் சாப்பாடு செய்வோம். இடையில் சாப்பாடு கொடுக்கிற யன்னல் ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் திறந்து வைத்தால் கூட்டமெல்லாம் கேட்கும். நானும் கமலாக்காவும் வேறு சிலரும் நின்றோம். கமலாக்கா மூன்று வருசத்துக்கு முன் மனுசனை இழந்தவள். அவளுக்கும் அட்டை இல்லை, இவ்வளவு காலம் அவளுக்கும் அது தெரியாது.

பெரிய பானையில் சோறு கொதித்தது. பருப்பு பாதியில் நின்றது. யன்னலால் பார்த்தேன். அபி சேலை உடுத்தி வந்திருந்தாள். அந்த வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்திருக்கிறாள் என்ற நினைப்பே எனக்குப் பெரிதாக இருந்தது. கோபமும் போகவில்லை.

பரமண்ணை அவளை மேடைக்குக் கூப்பிட்டார். யாப்பைத் திருத்துவதென்றால் வாக்கில் நாலில் மூன்று வேண்டும் என்று முதலில் விளங்கப்படுத்தினார். பிறகு, "பிள்ளை வாசி" என்றார்.

"ஆல்சோ," என்று அபி தொடங்கினாள். பதற்றமென்றால் அவளுக்கு ஜெர்மன் முந்தி வரும். "முதலாவது. அந்த நாட்டின்ரை அரசர் பாப்பரசர். சட்டம் போடுறது, ஆளுறது, தீர்ப்புச் சொல்லுறது, மூண்டு அதிகாரமும் அவருக்கு முழுக்க இருக்கு."

முன்வரிசை கைதட்டியது. பின்வரிசையில் ஒருவர், "அப்ப நாங்கள் ஏன் இஞ்சை இருக்கிறம்?" என்று கத்தினார். பரமண்ணை கையைக் காட்டி அமர்த்தினார்.

"ரெண்டாவது. அந்தக் கதிரை பரம்பரையிலை போறதில்லை. பிள்ளைக்கு இல்லை, பெறாமகனுக்கு இல்லை. கர்தினால்மாரைப் பூட்டி வைச்சு ரகசிய வாக்கெடுப்பு. மூண்டிலை ரெண்டு பங்கு ஒருத்தருக்கு விழும்மட்டும் வெளியிலை விடாயினம். எண்பது வயது தாண்டின ஆளுக்கு வாக்கும் இல்லை."

இப்போது பின்வரிசை கைதட்டியது. நிரோசன் தொலைபேசியைப் பார்ப்பது போல் குனிந்துகொண்டான். பரமண்ணை கண்ணாடியைக் கழற்றினார்.

"மூண்டாவது. அங்கை பிறப்பாலை குடியுரிமை இல்லை. பதவிக்காக, வேலைக்காக அங்கை இருக்கிற ஆக்களுக்குத்தான். இதைக் கோயில் யாப்பா எழுதினால் இப்பிடி வரும்: கோயிலிலை வேலை செய்யிற ஆள் உறுப்பினர். செய்யாத ஆள் உறுப்பினர் இல்லை. சந்தா கணக்கில்லை. ஆரின்ரை மனுசி, ஆரின்ரை மகன் எண்டதும் கணக்கில்லை."

 எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கினார்கள்.

"கண்டறியாத சட்டம்! நாங்கள் வருசாவருசம் சந்தா கட்டுறம்!"

"அப்ப இந்தக் கோயிலிலை ஆர்தான் உறுப்பினர்?"

கமலாக்கா யன்னலை முழுக்கத் திறந்து தலையை வெளியே போட்டாள். "ஆரோ? நாங்கள்தான்!"

சிரிப்பு எழும்பியது. பரமண்ணை சிரிக்கவில்லை. முகம் கறுத்துப்போய், "கமலா, உறுப்பினர் அல்லாத ஆக்கள் கூட்டத்திலை கதைக்க ஏலாது. யன்னலைச் சாத்து" என்றார்.

அந்தச் சொல்லில் எனக்கு ஏதோ அறுந்தது. அபி மேடையில் நின்று நேரே என்னைப் பார்த்தாள். அவள் எனக்காகத்தான் எழுதினாள் என்பது அப்போதுதான் என் மரமண்டைக்கு ஏறியது. வேலை இல்லாவிட்டால் குடியுரிமை இல்லை என்றால், குடியுரிமை இல்லாதவளுக்கு என்ன வேலை?

சமையலுக்குக் கட்டியிருந்த ஏப்பிரனைக் கழற்றினேன். மடித்து யன்னல் தட்டில் வைத்தேன். "வா கமலாக்கா," என்றேன். மற்றவர்களும் கழற்றினார்கள். வரிசையாக மண்டபத்துக்குள் போய், காலியாக இருந்த கதிரைகளில் இருந்தோம். இத்தனை வருசத்தில் அந்தக் கதிரையில் இருப்பது எனக்கு அதுதான் முதல் தரம்.  சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டேன்.

"என்ன இது?" என்றார் பரமண்ணை. "அடுப்பிலை சோறு இருக்கு."

"ஓம் அண்ணை," என்றேன். "இருக்கு."

 கொஞ்ச நேரத்தில் சோறு அடிப்பிடிக்கிற மணம் யன்னலால் வந்தது. நிரோசன் எழும்பிக் குசினிக்குள் ஓடினான். சாமான் உருளுகிற சத்தம் கேட்டது. வெறுங்கையோடு திரும்பி வந்தான். பழைய காஸ் அடுப்பு அது. திருகுகிற குமிழ் உடைந்து கனகாலம். அரிசி மூட்டைக்குப் பின்னால் இருக்கிற குழாயில்தான் நிப்பாட்ட வேண்டும். அது எங்களுக்கு மட்டும் தெரியும்.

பரமண்ணை தானே உள்ளே போனார். மணம் கூடியது. வெளியே வந்தபோது வேட்டியில் பருப்பு தெறித்திருந்தது.

"தேவி, உந்தக் காஸை எப்பிடி நிப்பாட்டுறது?"

"ஆரிட்டைக் கேக்கிறியள் அண்ணை? யாப்பிலை இல்லாத ஆளிட்டையோ?"

 எனக்கு அரிசி கொண்டுவந்து தந்த மனுசனிடம் இப்படிக் கதைக்கிறேனே என்று உள்ளுக்குள் ஒன்று அழுதது. ஆனால் வார்த்தையை விழுங்கவில்லை.

"நிப்பாட்டு தங்கச்சி," என்றார் மெல்ல. "பிறகு கதைப்பம்."

"இல்லை அண்ணை. கதைச்சுப்போட்டு நிப்பாட்டுறன்."

புகை மெல்லிசாக யன்னலால் வந்தது. பரமண்ணை என்னைப் பார்த்தார். கமலாக்காவைப் பார்த்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த பழைய படத்தைப் பார்த்தார். நிலவறைக் கோயிலில் எடுத்த படம் அது. அதில் இவர் பானை தூக்கிக்கொண்டு நிற்கிறார், பக்கத்தில் நான். மண்டபத்துக்கு முகம் திரும்பினபோது அவருடைய குரல் கரகரத்தது.

"முழுக்க எழுது எண்டு பிள்ளையிட்டைச் சொன்னது நான்தான். என்ரை பங்கை நான் விடுறன், எனக்கு மூண்டு அதிகாரமும் வேண்டாம். மூண்டாவதை மட்டும் எடுப்பம். சந்தா கட்டுறவை இருக்கட்டும். அதோடை, கோயிலிலை வேலை செய்யிற ஆக்களும் அவையவையின்ரை பேரிலை உறுப்பினர். விருப்பமான ஆக்கள் கையை உயத்துங்கோ. கெதியா உயத்துங்கோ, சோறு எரியுது!"

கைகள் உயர்ந்தன. சிலர் தங்கள் பெண்சாதியின் முகத்தைப் பார்த்துவிட்டு உயர்த்தினார்கள். முன்வரிசையில் இரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டே இருந்தார்கள், அவர்களோடு இன்றைக்கும் எனக்குக் கதை இல்லை. நாலில் மூன்றுக்கு மேலேயே வந்தது. கடைசிக் கை உயர்ந்ததைக் கண்ட பிறகுதான் நான் எழும்பிப் போய் அரிசி மூட்டைக்குப் பின்னால் கையை விட்டேன்.

அன்றைக்கு எல்லாரும் அடிப்பிடித்த சோறுதான் சாப்பிட்டோம். ஒருத்தரும் குறை சொல்லவில்லை.

6

சங்கங்களைப் பதிகிற நீதிமன்றத்தில் புது யாப்பைப் பதிய மாதக்கணக்காக இழுபட்டது. ஒரு சொல் பிழை, ஒரு கையெழுத்து இல்லை என்று திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். அபி ஒவ்வொரு தரமும் கொலோனில் இருந்து வந்து பரமண்ணையோடு இருந்து திருத்தினாள். அவர் அவளுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்ததைக் கண்ணால் கண்டேன். சீனி கூட, ஆனாலும் குடித்தாள்.

பிறகு தலைவர் தேர்தல் வந்தது. ரகசிய வாக்கெடுப்பு, பெண்கள் நாங்களும் போட்டோம். பரமண்ணையே வென்றார், முன்னைவிடக் கூடின வாக்கால். "அம்மா, நீங்கள் ஆருக்குப் போட்டனீங்கள்?" என்று அபி கேட்டாள். "உன்ரை கர்தினால்மார் சொல்லுவினமோ?" என்றேன்.

நான் உறுப்பினர் ஆனதும் ஐந்தாம் திருவிழாவைப் பரமண்ணை எங்களிடமே திருப்பித் தந்தார், போன கிழமை அது நடந்தது. நிரோசன் வாழை கட்டினான், என்னோடு கொஞ்சம் முகம் கொடுக்காமல்தான். அபி என் பக்கத்தில் நின்றாள். ஐயர் தர்ப்பையை என் விரலில் போட்டுவிட்டு, சங்கற்பத்துக்குக் கேட்டார்:

"உபயகாரர் பேர்?"

கனகாலப் பழக்கம். வாய் தானாகத் திறந்து இவருடைய பேரைத் தொடங்கிவிட்டது. "சிவ..." என்று வந்ததை நிறுத்தினேன். அந்தக் கந்தோர் மனுசி பேனையை வைத்துவிட்டுச் சிரித்தது ஞாபகம் வந்தது. இவரும் எங்கோ பின்வரிசையில் கை நடுங்கப் படம் எடுத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. கண் நிறைந்து பிள்ளையார் தெரியவில்லை.

ஐயர் பொறுமையாகத் திரும்பவும் கேட்டார். "அம்மா, பேர்?"

"தேவி," என்றேன். "நான்தான்."